தாங்குதல், நான்காம் வகை

முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். 'அகத்தடம்' கம்பெனிக்குத் தேசம்மா கொடுக்க வேண்டிய கடன் அது. நகை வாங்கிய கடன் இல்லை, ஆஸ்பத்திரிக் கடன் இல்லை. அவள் எதற்காகப் பிறந்தாள் என்று ஓர் எந்திரம் சொன்னதே, அதற்குக் கூலி. வாரக்கூலியில் இருநூற்று முப்பது பிடித்தால் நூற்று அறுபத்தெட்டு வாரத்தில் தீரும். அவ்வளவு ரூபாய்க்கு எந்திரம் அட்டையில் அடித்துக் கொடுத்தது ஒரே வரி: தாங்குதல், நான்காம் வகை.

அதாவது, சுமக்கப் பிறந்தவள்.

இதைச் சரி என்று ஒத்துக்கொள்ள வைத்து அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டியவள் நான்தான்.

செய்யூரைத் தாண்டி கடலோரம் புதுநகரம் எழுந்துகொண்டிருந்தது. நாற்பது மாடிச் சுவரை எந்திரம் ஒரே வாரத்தில் அச்சடித்து நிறுத்திவிடும். ஆனால் குளியலறைக்குள், படிக்கட்டு மூலைக்குள், தண்ணீர்த் தொட்டிக்குள் கலவை கொண்டுபோக எங்கள் தலைதான் மலிவு. எந்திரம் கெட்டால் இழுத்துப்போய் ரிப்பேர் பார்க்க வேண்டும். சித்தாள் கெட்டால் வேறு சித்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தச் சட்டம் வந்தது. எந்த வேலைக்கும் இனி பிறவிப்பயன் அட்டை வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு நாலு வருட அவகாசம். பயன்மானி என்ற தொப்பியை, எங்கள் பேச்சில் சட்டியை, தலையில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார வேண்டும். மனசுக்குள் ஓடுவதை அது அளக்கும். இவர் கற்பிக்கப் பிறந்தவர், இவர் பயிரிடப் பிறந்தவர், இவர் கட்டப் பிறந்தவர் என்று சொல்லும். எந்த வேலை அட்டையில் இருக்கிறதோ அந்த வேலைக்குத்தான் பயிற்சி, அந்த வேலைக்குத்தான் உரிமம். அளக்கிற குத்தகையை எங்கள் பக்கம் அகத்தடம் எடுத்திருந்தது.

அட்டை வந்து தொண்ணூறு நாளுக்குள் ஏற்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அட்டை சாகிறவரை மாறாது, கடனும் அன்றைக்கே ஓடத் தொடங்கும். போடாவிட்டால் வேலை கிடையாது, கடன் மட்டும் அப்படியே நிற்கும். தயங்குகிறவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச கம்பெனி ஆள் வைத்திருந்தது. ஆற்றுப்படுத்துநர் என்று பெயர்.

நான் பதினெட்டு வருடம் சித்தாள். பெயர் பூங்காவனம். சாரத்திலிருந்து விழுந்து கழுத்து எலும்பு நகர்ந்த பிறகு, கழுத்துப் பட்டையோடு பயன்மானிக்குப் போனேன். எனக்கு வந்த அட்டை: ஆற்றுப்படுத்துதல், முதல் வகை. அன்றைக்கு நான் அழுத அழுகை என் கல்யாணத்தில்கூட அழவில்லை. மற்றவர் பாரத்தை இறக்கி வைக்கப் பிறந்தவள் நான் என்று ஓர் எந்திரத்துக்குத் தெரிந்திருக்கிறதே! கட்டணத்தையும் வேலையில் சேர்ந்த அன்றே தள்ளுபடி செய்தார்கள். நாற்பது வயதில் எழுத்துக்கூட்டி எழுதக் கற்ற கை இது. இந்தக் கையால் நானூற்றுப் பன்னிரண்டு ஏற்புப் படிவங்களை நிரப்பினேன். அதில் ஒருவர் காசிலிங்கம். பகலில் மணல் சுமப்பவர், ராத்திரி கோயிலில் பம்பை அடிப்பவர். அவர் அடித்தால் சாமி வராதவனுக்கும் சாமி வரும். தாங்குதல் என்று வந்தது. நான்தான் பேசினேன், கையெழுத்துப் போட்டார். மறுவாரம் பம்பையை விற்றுவிட்டார். "இதுக்குப் பொறக்கலன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குமா?" என்றார். அதையும் நான் 'ஏற்பு முழுமை' என்று எழுதி வைத்தேன்.

தேசம்மாவுக்கு எண்பத்தோராம் நாள். மதியச் சாப்பாட்டு நேரம், ஏழாவது மாடிக்கு ஏறினேன்.

என்னைப் பார்த்ததும் ஏழுமலைக் கொத்தனார் குரல் கொடுத்தார். "வந்துட்டாங்கய்யா ஆறுதல் அம்மா! தேசம்மா, வெரல நீட்டு, மை தடவுவாங்க!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தேசம்மா சிரிக்கவில்லை. புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த சுவர் மூலையை நான் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி இருந்தது பூச்சு. அது ஏழுமலை பூசியது இல்லை. மூன்று வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் தேசம்மா பூசுகிறாள், ஏழுமலை தன் கணக்கில் காட்டிக்கொள்கிறார். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பெண் கொத்தனாராக முடியாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எந்த இடத்திலும் பெண் கொத்தனாரும் இல்லை.

இந்த வருடம்தான் கொத்தனார் பயிற்சியில் பெண்களுக்கு நாலு இடம் ஒதுக்கினார்கள். அதற்கு 'கட்டுதல்' என்ற அட்டை வேண்டும். அவளாகவே போய்ப் பயன்மானியில் உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, கையெழுத்துக்கு வந்தியா?"

"பேச வந்தேன் தேசம்மா."

"பேசுனா அங்கதான முடியும்? இடைல எதுக்கு சுத்திக்கினு."

பயிற்சியில் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை எடுத்தேன். "உன் பயனை நீ ஏத்துக்கிட்டா உன் பாரம் கொறையும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எம் பயனே பாரம்தான்னு அடிச்சுக் குடுத்திருக்கான். அத்த ஏத்துக்கினா எப்பிடிக்கா கொறையும்? ஒனக்கே நல்லா இருக்குதா இந்தப் பேச்சு?"

இதற்கும் ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

"மனுசன் ஒத்துக்க மாட்டான், மிசினாவது ஒத்துக்கும்னு போனன்க்கா" என்றாள். "அதுக்கு சாதி இல்ல, ஆம்பள பொம்பள இல்லன்னாங்க. எங் கைக்கு இன்னா தெரியும்னு அதுக்குத் தெரியும்னு நம்பினன். அதுவும் கொத்தனாரு மாரியே பேசுது."

கேட்க வேண்டிய கேள்விகள் என்று என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. அதில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"அந்தச் சட்டி தலையில இருக்கசொல்ல நீ இன்னா நெனச்ச?"

"ஒண்ணும் நெனைக்கல."

"நாப்பது நிமிசமுமா?"

"ஆமா." பிசைந்த கையை நிறுத்தினாள். "தலையில ஏறுனா நெனப்பு நிக்கணும். பதினெட்டு வருசம் தூக்கினியே, மறந்துட்டியா? கண்ணு எதிர்ல ஒரு புள்ளில நிக்கும். மூச்ச அடிவயித்துல கட்டுவோம். புள்ளைக்குக் காய்ச்சலா, புருசன் வூட்ட வுட்டுப் போயிட்டானா, எதுவும் உள்ள வராது. வந்தா கால் எடறும், எடறுனா ஏழு மாடி. மொத வருசம் எனக்கு இத்த சொல்லிக் குடுத்தவளே நீதான? அந்தச் சட்டியும் நல்லா கனமாத்தான் இருந்துச்சு. ஏத்துனாங்க. நின்னுடுச்சு."

நான் எழுந்துவிட்டேன். உட்கார முடியவில்லை. நான் வாங்கிய நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தில் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பேருக்கு ஒரே அட்டை, தாங்குதல். எல்லோரும் தலைச்சுமைக்காரர்கள். செங்கல், மணல், மூட்டை. ஒருவரிடம்கூட இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"எங்கக்கா ஓடற? கையெழுத்து வாணாவா?" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

அளக்கும் இடம் என்பது கேட்டை ஒட்டி வைத்திருந்த இரும்புப் பெட்டி. உள்ளே ஏசி உண்டு. பயன்மானியை இயக்குகிற டென்சிங் நாகர்கோவில் பக்கத்துக்காரன். முப்பது வயசு இருக்கும். அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"டென்சிங், இந்தச் சட்டி எவ்வளவு எடை?"

"மூணு கிலோ எண்ணூறு. எதுக்கு அக்கா?"

"பட்டணத்து ஆபீசுலயும் இப்படித்தான் தலையில தூக்கி வைக்கிறீங்களா?"

அவன் போய்க் கதவைச் சாத்தினான். அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"அங்க மேல இருந்து கை மாதிரி ஒண்ணு இறங்கும். அதுல தொங்கும். தலையில தொட்டும் தொடாம நிக்கும், கனமே தெரியாது. சாய்வு நாற்காலி. இங்க அந்தக் கை வேண்டாம்னுட்டாவ. ஒரு கைக்கு ஒண்ணரை லட்சம்லா ஆவும்."

"சுமை தூக்கறவங்க தலையில கனம் வெச்சா மனசு நின்னுபோவும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "திரையில கோடு ஆடணும் அக்கா. ஆசை, பயம், கோவம், எல்லாத்துக்கும் ஆடும். இங்க உள்ளவங்களுக்குச் சட்டிய வெச்ச உடனே கோடு படுத்துரும். 'இவங்களுக்கு ஒரு ஆசையும் இல்ல, பொறுமை மட்டும் இருக்கு'ன்னு எந்திரம் புரிஞ்சுக்கிடும். அதுதான் தாங்குதல். நான் கம்பெனிக்கு மூணு தடவ எழுதியாச்சு."

"இன்னா சொன்னாங்க?"

"'அந்த இடத்துக்கு வேண்டிய அட்டைதானே வருது'ன்னு பதில் வந்திச்சு."

அவன் மேசையில் இருந்த அட்டைக் கட்டை எடுத்து அவன்மேலேயே விசிறினேன். அவன் தடுக்கவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். எனக்கு அவன்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்த கோபம். அவனாவது மூன்று தடவை எழுதியிருக்கிறான்.

"அப்ப யாருக்குத்தான்டா இது சரியா சொல்லுது?"

"பசி இல்லாம, நல்லா உறங்கி எழுந்து, சாஞ்சு உக்காந்து, 'எனக்கு என்ன வேணும்'னு நாப்பது நிமிஷம் நெனைக்க முடியுறவங்களுக்கு."

ஏற்புப் படிவத்தின் பின்பக்கத்தை அவன்தான் காட்டினான். பொடி எழுத்து. ஆற்றுப்படுத்துநர் தன் கையொப்பத்தில் மறு அளவீடு கேட்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. இரண்டரை வருடமாக அந்தத் தாளை நிரப்புகிறேன். திருப்பிப் பார்த்ததில்லை. திருப்பச் சொல்லி யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

மறுநாள் மதியம் தேசம்மாவைக் கூட்டிப் போனேன். சாய்வு நாற்காலி இல்லாததால் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டோம். தலைமாட்டில் அரை மூட்டை மணல். பயன்மானியின் கனம் மணலில் இறங்குகிற மாதிரி டென்சிங் நிறுத்தினான்.

"கனம் தெரியுதா?"

"இல்ல."

"ஒன் இஷ்டத்துக்கு நெனச்சிக்கோ. கலவை, பூச்சு, எதுவேணா" என்றேன்.

ஏசி குளிர்ச்சியாக இருந்தது. காலை நாலரைக்கு எழுந்து, சமைத்து, இரண்டு பஸ் மாறி வந்து, ஏழு மாடி முப்பது நடை ஏறி இறங்கியவள். பகலில் படுத்து எத்தனை வருடமோ. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமை இரண்டு தடவை துடித்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. நாலாவது நிமிடம் குறட்டை.

திரையில் சிவப்பாக வந்தது: அளவீடு தோல்வி, உறக்கம்.

டென்சிங் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவன் சிரிப்பு நின்றுபோனது. என் கழுத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"அக்கா, நீங்களும் உறங்கினீங்க."

"எப்ப?"

"அன்னைக்கு. கழுத்துல பட்டையோட வந்தீங்க. உக்கார முடியல, இதே பெஞ்சில படுக்க வெச்சேன். மூணு நிமிஷத்துல உறங்கியாச்சு. நாலு தடவ எழுப்பிப் பாத்தேன். அளவீடு தோல்வின்னு வந்தா நான் கையால போடலாம், அப்படி ஒரு வழி வெச்சிருக்காவ. தாங்குதல்னு போட்டா மறுநாளே உங்க தலையில கலவைச் சட்டிய ஏத்துவாவ, நீங்க செத்திருவீங்க. அன்னைக்குக் கம்பெனியில ஆற்றுப்படுத்துநர் ஒரு இடம் காலி இருந்திச்சு. போட்டேன்."

"அப்ப என் பயன்?"

"காலியிடம் அக்கா."

இரண்டரை வருடம் அந்த அட்டையைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தவள் நான். இந்த வேலைக்கே பிறந்தேன் என்ற திமிரில்தான் ஒவ்வொருவர் முன்னாலும் போய் உட்கார்ந்தேன். காசிலிங்கத்திடம் பேசும்போது என் குரலில் இருந்த உறுதி அந்த அட்டை கொடுத்த உறுதி.

தேசம்மா விழித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டாளோ.

"எனக்கு இன்னா வந்துச்சு?"

"தூக்கம்னு வந்துச்சு."

"அது நெசந்தான். இந்த மிசினு சொன்னதுலயே அது ஒண்ணுதான் நெசம்." எழுந்து உட்கார்ந்து சேலையை உதறினாள். "அப்ப நீயும் டூப்புதானாக்கா?"

"ஆமா."

"டூப்பா இருந்துகினே இத்தினி பேரு கையெழுத்த வாங்குனியே. நெசமா இருந்தா ஊரையே எழுதி வாங்கியிருப்ப."

அடி வாங்கியது போல இருந்தது. ஆனாலும் அவள் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "சரி, இப்ப இன்னா செய்யப் போற?" என்றாள். நான் மற்றவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

தேசம்மாவையும் சேர்த்து முந்நூற்றுத் தொண்ணூற்றேழு பேர் பெயரையும் எழுதி மேல்முறையீட்டு மன்றத்துக்கு மனு எழுதினேன். ஒவ்வொரு பெயரையும் என் கையால் எழுதினேன். நாலு நாள் ஆனது. கம்பெனியின் வட்டார மேலாளர் வித்யாசாகர் கூப்பிட்டு அனுப்பினார். மரியாதைக்குக் குறைவில்லாத மனிதர், டீ வரவழைத்தார்.

"பூங்காவனம்மா, தொப்பி கனமா இருந்ததுன்னு சொன்னா மன்றம் சிரிக்கும். எந்திரத்தைத் தாண்டிக் கையாலயும் அட்டை அடிக்கலாம்னு நிரூபிச்சாத்தான் அவங்க நிமிர்ந்தே பார்ப்பாங்க. அதுக்கு என்ன ஆதாரம் வெச்சிருக்கீங்க?"

நான் என் அட்டையை மேசைமேல் வைத்தேன். "இது கையால போட்டது சார்."

அவர் அதைத் தொடவில்லை. "இதைக் காட்டினா இது செல்லாதுன்னு ஆகும். வேலை போகும். உரிமம் போகும். திரும்ப என்ன செய்வீங்க, சுமப்பீங்களா? அந்தக் கழுத்தை வெச்சுக்கிட்டா?" குரலை இறக்கினார். "நீங்க எவ்வளவு பேருக்கு ஆறுதல் குடுத்திருக்கீங்க. உங்க பயனை நீங்களே அழிக்கலாமா?"

"ஆறுதல் குடுக்கல சார். அமுக்கி வெச்சேன். அதுக்குத்தான் நீங்க சம்பளம் குடுத்தீங்க."

"கோவப்படாதீங்க."

"கோவப்படாம இருந்துதான் இத்தனை பேரு கையெழுத்து வாங்கினேன். இனிமே அந்த வேலை எனக்கு வராது."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

மன்றத்தில் என்னை இருபது நிமிடம் நிற்க வைத்துக் கேட்டார்கள். டென்சிங் தான் எழுதிய மூன்று கடிதங்களையும், வந்த பதிலையும் கொண்டுவந்து கொடுத்தான். அன்றைக்கே அவன் வேலை போனது. அட்டையைக் கொடுத்தால் தொழிலை இழப்பீர்கள், தெரியுமா என்று நடுவில் இருந்த அம்மா கேட்டார். தெரியும் என்றேன். அந்த அட்டையில் அவர் ஓட்டை போட்டபோது வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை.

ஐந்து வாரத்தில் உத்தரவு வந்தது. முந்நூற்றுத் தொண்ணூற்றேழு அட்டையும் ரத்து. அவர்கள் கொத்தனார் பயிற்சிக்கோ வேறு பயிற்சிக்கோ போக அட்டை தேவையில்லை. கடனை என்ன செய்வது என்று கம்பெனியே தொழிலாளரோடு பேசி முடித்து, கையெழுத்தான தாள்களைக் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அபராதம்.

தேசம்மா பயிற்சி நிலையத்துக்கு ஓடினாள். இடம் இருக்கிறது என்றார்கள். திங்கட்கிழமை சேரலாம், ஆனால் அகத்தடத்தில் பாக்கி இல்லை என்று தாள் கொண்டுவர வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் கேட்டருகில் மேசை போட்டு வித்யாசாகரே உட்கார்ந்தார். வேலை விட்டு, சுமை இறக்கி, வரிசையில் நின்றார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லப் போயிருந்தேன். வரிசையில் முதல் ஆள் தேசம்மா.

தாளை வாங்கி நான் படித்தேன். "தேசம்மா அவர்கள் செலுத்த வேண்டிய ரூபாய் முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது, மனிதாபிமான அடிப்படையில் தள்ளுபடி செய்யப்படுகிறது."

"மனிதாபிமானம்னா இன்னா?"

"எரக்கப்பட்டு."

"யாரு யாரு மேல?"

"கம்பெனி. நம்ம மேல."

அவள் முகம் மாறியது. "இவங்க எரக்கப்பட்டாங்களா?"

"தேசம்மா, இன்னொண்ணும் கேளு" என்றேன். "எரக்கம்னு எழுதிட்டா, இதுவரைக்கும் மத்தவங்க கட்டின காசு திரும்பாது. காசிலிங்கம் ஒன்றரை வருசம் கட்டியிருக்காரு. தப்புன்னு எழுதினாத்தான் கட்டினதத் திருப்பித் தரணும். நீ ஒரு ரூபாகூட கட்டல. ஒனக்கு இந்தத் தாளே போதும். திங்கக்கிழமை பயிற்சிக்குப் போலாம்."

அவ்வளவுதான் சொன்னேன். கையெழுத்துப் போடு என்று சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. வாய் பரபரத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன். இரண்டரை வருடத்தில் அவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

தேசம்மா வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள்.

"அந்த வார்த்த எங்க இருக்குது? வெரல வெய்."

வைத்தேன். மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, என் விரல் இருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். நேர்க்கோடு. ஒரு பக்கமும் சாயவில்லை.

"இதுக்கு மேல நீ எழுது. கம்பெனி பண்ண தப்பால, அப்பிடின்னு."

எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

வித்யாசாகர் தாளைத் தள்ளினார். "அடிச்சுத் திருத்தின தாளை வாங்க முடியாதும்மா. இது செல்லாது. உன் கடன் அப்படியே நிக்கும். பயிற்சிக்கும் போக முடியாது, யோசிச்சுக்கோ."

"நிக்கட்டும்" என்றாள். "நானும் நிக்கறன். பதினோரு வருசம் தலையில வெச்சிக்கினு நின்னவ, சும்மா நிக்கறது எனக்கு இன்னா கஷ்டம்? எரக்கத்த நீயே வெச்சிக்க. வூட்ல சின்னப் புள்ளைங்க இருந்தா குடு."

வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். இரண்டாவது ஆள் தன் தாளை என்னிடம் நீட்டி, "எந்த வார்த்தைம்மா?" என்றார். விரல் வைத்தேன். மூன்றாவது ஆள். நாலாவது. கையெழுத்துத் தெரியாத ஒரு கிழவர் அந்த வார்த்தையின் மேலேயே மை தடவிய கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தார். ஏழுமலை சாரத்தின் மேலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே இன்னொரு பேனா கொண்டுவந்து கொடுத்தார். மூன்றரை மணிக்குள் மேசையில் இருநூறு தாளுக்கு மேல் குவிந்தது. எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் கோடு.

வித்யாசாகர் போனை எடுத்துக்கொண்டு கார்ப் பக்கம் போனார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். மணி பார்த்தார். திரும்பப் பேசினார். வரிசை கலையவில்லை. டீக்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையோடு நடந்தார்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு அவர் வந்து உட்கார்ந்தார். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை. குவியலின் அடியிலிருந்து முதல் தாளை உருவினார். நான் எழுதிய வரியின் ஓரத்தில் தன் சுருக்கொப்பம் போட்டார். முத்திரையை மையில் ஒற்றி, தேசம்மாவின் பெயருக்கு நேராக ஓங்கிக் குத்தினார்.

பாக்கி இல்லை.

தேசம்மா தாளை எடுத்து, ஈரம் காயும்வரை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடுத்த ஆள்."